பேரின்பநாதனும் பிறரும்

தாட்சாயினியின் ஆய்வுக் கட்டுரையை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாராவது மேற்கோள் காட்டினால், அங்கே அச்சில் ஏறுவது அவளுடைய பெயர் அல்ல, அவளுடைய அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தாருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கனடாவுக்கு வந்து பெயர் பதியும்போது அந்த இடத்தில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஜப்பானில் ஒருவரும் பிரேசிலில் ஒருவரும் 'பேரின்பநாதனும் பிறரும் காட்டியதுபோல' என்று எழுதிக்கொண்டிருக்க, அசல் பேரின்பநாதன் மொன்றியலுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் தன் வீட்டு சோபாவில் இருந்தபடி மகளின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்.

"இந்தக் கிழமையும் மூண்டு பேர் என்னைச் சொல்லியிருக்கினம்."

"உங்களையோ? அதுகள் பிள்ளையைச் சொல்லுதுகள்," என்பாள் அவர் மனைவி நல்லம்மா. "முதல்ல அந்த ரிமோட்டை இஞ்சாலை தாங்கோ."

மேற்கோள் என்பது எளிய விஷயம். புதிதாக ஒன்றைச் சொல்ல வருகிறவர், தான் எந்தத் தரையில் நின்றுகொண்டு சொல்கிறார் என்று காட்டவேண்டும். முன்பு கண்டுபிடித்தவர்களின் பெயரைப் போட்டால் அதுவே தரை. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் அந்தப் பெயர்களை எண்ணத் தொடங்கியபோதுதான் அது சிக்கலானது. இப்போது ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் ஒரு சுட்டெண் உண்டு. கட்டுரைகளை, அதிகம் மேற்கோள் பெற்றதில் தொடங்கி வரிசையாக அடுக்கவேண்டும். பிறகு எண்ணிக்கொண்டு இறங்கவேண்டும். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோளாவது இருக்கிறதா? சரி. ஆறாவதுக்கு ஆறு? சரி. எந்த இடத்தில் 'இல்லை' வருகிறதோ அதற்கு முந்திய படிதான் அந்த ஆளின் எண். தாட்சாயினிக்குப் பன்னிரண்டு. ஒரே ஒரு கட்டுரை எவ்வளவு புகழ் பெற்றாலும் இந்த எண்ணில் அது ஒரு படிதான் என்பது இதில் உள்ள வேடிக்கை.

அப்படி ஒரு கட்டுரை அவளிடம் இருந்தது. அவள் பெற்ற எல்லா மேற்கோள்களிலும் பாதிக்கு மேல் அந்த ஒன்றுக்குத்தான். மொன்றியல் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜில் அவள் வேலை செய்த ஆய்வு நிலையம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆய்வுகூடத்தையும் மதிப்பிடும். அவளுடைய முறை வருகிற மே மாதம். மதிப்பீட்டில் தேறாவிட்டால் அந்த அறை வேறொருவருக்குப் போகும், அறையோடு கத்தரினின் வேலையும் போகும். மன்னாரில் இருந்து வந்த கத்தரின்தான் அங்கே எல்லாப் பரிசோதனைகளையும் செய்கிறவள். ஆகவே அந்தக் கட்டுரையே இப்போது கூரையைத் தாங்கும் வளை.

எட்டு ஆண்டுக்கு முன்னால் செய்த ஆய்வு அது. மொன்றியலில் வாழும், உடல் பருமன் இல்லாத, நோய் இல்லாத தமிழர்களிடமும் அவர்களுடைய அயல்வீட்டுப் பிரெஞ்சுக்காரர்களிடமும் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து இன்சுலினை அளந்தார்கள். இன்சுலினை ஒரு கதவு தட்டுகிற ஆளாக நினைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை உள்ளே எடுக்கும்படி உடலின் செல்கள் ஒவ்வொன்றின் கதவையும் இன்சுலின் தட்டும். கதவு இறுகிப்போயிருந்தால் பலமாகத் தட்டவேண்டும். வெறும் வயிற்றில் புதிதாகச் சர்க்கரை வருவதில்லை, ஆகவே தட்டுகிற சத்தமும் குறைவாக இருக்கவேண்டும். அந்த நேரத்திலும் பலத்த சத்தம் கேட்டால் கதவு இறுகத் தொடங்கிவிட்டது, பின்னால் நீரிழிவு வரலாம் என்று பொருள். தமிழர்களிடம் அந்தச் சத்தம் பலமாகக் கேட்டது. மெலிந்தவர்களிடம்கூட! அதனால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஜனவரியில் ஒரு காலை, அப்பாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக அவள் புரோசார்ட்டுக்கு வந்தாள். வெளியே மைனஸ் இருபது. பாலத்தில் பனி தூற்றியிருந்ததால் பிந்திவிட்டது. அவசரமாகக் குசினிக்குள் வந்தபோது அப்பா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு நின்றார்.

"அப்பா, என்ன அது?"

"தேத்தண்ணி."

"இண்டைக்கு வெறும் வயிற்றிலை வரச்சொன்னவையெல்லோ?"

"வெறும் வயிறுதான் பிள்ளை. ராத்திரிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை. வேணுமெண்டால் கொம்மாவைக் கேள்."

"ஓம், ஒண்டும் சாப்பிடேல்லை," என்றாள் நல்லம்மா. "புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கிறன். ரத்தம் குடுத்திட்டு வந்துதான் சாப்பாடு."

"சீனி போட்டனீங்களோ?"

"சீனி போடாமல் குடிக்க அதென்ன கசாயமே?"

தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, அதுவும் சாப்பாடுதான். இண்டைக்கு ரத்தம் எடுக்கேலாது. வேறை நாள் கேப்பம்."

"எழும்பின உடனை வாயிலை வைக்கிறதெல்லாம் சாப்பாடோ?" அவருக்குக் கோபம் வந்தது. "உன்ரை ஆராய்ச்சிக்கு வந்த சனம் எல்லாம் குடிச்சிட்டுத்தானே ரத்தம் குடுத்தது? அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"எந்தச் சனம்?"

"என்ரை வான் வண்டியிலை வந்த சனம். பெரிய பிளாஸ்கிலை ஊத்திக்கொண்டு போனனான். மைனஸ் இருபதிலை, ஊசி குத்தப்போற ஆக்களை வெறும் வாயோடை கூட்டிக்கொண்டு போகேலுமோ? மனிசர் அப்பிடிச் செய்வினமோ?"

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

எல்லாம் நினைவில் வந்தது. அப்போது அவருக்குச் சொந்தமாக ஒரு வான் இருந்தது. அந்தக் குளிர்கால சனிக்கிழமைகளில் அவர்தான் கோயில் தொண்டர்களையும் பழைய சிநேகிதர்களையும் பேசி இணக்கி, வீடு வீடாகப் போய் ஏற்றிவந்து இறக்கினார். ரத்தம் எடுத்த தாதி ஒவ்வொருவரிடமும் "நேற்றிரவுக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். எல்லோரும் "இல்லை" என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தயாரித்தது தாட்சாயினி. அவளும் ஒவ்வொரு காலையும் இதே தேத்தண்ணியைக் குடித்துத்தான் வளர்ந்தவள். இருந்தும் அதைத் தனியாகக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அயல்வீட்டுப் பிரெஞ்சுக்காரர்களோ சிறு வயதிலிருந்தே இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பழகியவர்கள். அவர்கள் தங்கள் காப்பியைக்கூடத் தொடாமல், கொஞ்சம் சிடுசிடுப்பாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"வானிலை வந்த எல்லாருக்கும் குடுத்தனீங்களோ?"

"எல்லாருக்கும்தான். மெட்ரோவிலை வந்தவை வீட்டிலை குடிச்சிருப்பினம்." மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கியது. "ஏன் பிள்ளை? பிழையே?"

"இன்னும் தெரியாது அப்பா. பாத்துத்தான் சொல்லவேணும்."

பார்ப்பதற்கு ஒரு வழி இருந்தது. அன்று எடுத்த ரத்தத்தின் ஒரு பங்கு, மைனஸ் எண்பது பாகையில், ஆய்வுகூடத்தின் ஆழ்குளிர்பெட்டியில் அப்படியே உறைந்து கிடந்தது. பின்னால் மறுபடி சோதிக்கலாம் என்று தந்தவர்கள் சம்மதித்திருந்தார்கள். ஆனால் எட்டு ஆண்டுக்கு முன்னால் ஒருவர் காலையில் தேத்தண்ணி குடித்தாரா என்று உறைந்த ரத்தத்திடம் எப்படிக் கேட்பது?

"கஃபீன்," என்றாள் தாட்சாயினி, ஆய்வுகூடத்துக்குள் நுழைந்த கையோடு.

"எனக்கும் ஒண்டு எடுங்கோ அக்கா," என்றாள் கத்தரின், தலையை நிமிர்த்தாமல்.

தாட்சாயினி முழுவதையும் சொல்லி முடித்தாள். "நீங்கள் எங்கடை மாதா கோயில் பங்கிலை ஆள் பிடிச்சிருக்கவேணும்," என்றாள் கத்தரின். "நாங்கள் நற்கருணை எடுக்கிறதுக்கு முதல் ஒரு மணித்தியாலத்துக்குத் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்கமாட்டம்."

"ஒரு மணித்தியாலம் காணாது கத்தரின்."

"தெரியும். சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னனான்."

தேயிலையில் கஃபீன் உண்டு. குடித்த சிறிது நேரத்தில் அது ரத்தத்துக்கு வந்துவிடும். வந்தவுடனே ஈரல் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றத் தொடங்கும். அதனால் இரண்டையும் சேர்த்து அளந்தால் அது ஒரு கடிகாரம். கஃபீன் நிறைய, உடைந்த பொருள் கொஞ்சம் என்றால் இப்போதுதான் குடித்திருக்கிறார். கஃபீன் கொஞ்சம், உடைந்தது நிறைய என்றால் அது முந்தைய நாள் மாலைத் தேத்தண்ணி. கத்தரின் குழாய்களை ஒவ்வொன்றாக உருகவைத்து, மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்துக்குள் அனுப்பினாள். வேலை சில கிழமைகள் நீண்டது.

விடை தெளிவாகவே இருந்தது. தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று காலை குடித்திருந்தார்கள். குடிக்காத மீதிப் பேரை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவர்களுடைய இன்சுலினுக்கும் அயல்வீட்டாரின் இன்சுலினுக்கும் இடையே இருந்தது மிகச் சிறிய வித்தியாசம். தற்செயலாகவும் அவ்வளவு வரலாம். பேர்பெற்ற அந்தச் சத்தம், கதவு இறுகியதால் வந்தது அல்ல. வானுக்குள் ஊற்றிக் கொடுத்த சீனித் தேத்தண்ணியை உள்ளே எடுக்க, ஆரோக்கியமான உடல் ஒழுங்காகக் கதவைத் தட்டிய சத்தம்.

அப்படியானால் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். திருத்திய கணக்கோடு வேறொன்றை அதே சஞ்சிகையில் வெளியிடலாம், நேர்மையான பிழைகளுக்கு அந்த வழி உண்டு. ஆனால் மேற்கோள்கள் பழையதோடு நின்றுவிடும். புதியது பூச்சியத்தில் இருந்து தொடங்கும்.

"திரும்பப் பெறும் கடிதத்தை ஜூனில் அனுப்பலாமே," என்றார் துறைத் தலைவர் பற்றிக். அவர் கெட்ட மனிதர் அல்ல, இந்த அறையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "எட்டு வருடம் இருந்த பிழை. இன்னும் நான்கு மாதம் இருந்தால் யாருக்கு என்ன? மே மாதம் மதிப்பீட்டாளர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்."

தாட்சாயினி கத்தரினிடமும் சொன்னாள். சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

"என்ரை பிள்ளையள் ரெண்டும் இன்னும் கார்டறியிலை, பள்ளிக்கூடம் போற வயசில்லை," என்றாள் கத்தரின். "அனுப்பவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு எண்டுதான் சொல்லுறன்."

தாட்சாயினி அன்று முடிவு எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். தன்னை மேற்கோள் காட்டியவர்களை வாசிக்கத் தொடங்கினாள். எண்ணியிருக்கிறாள், வாசித்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து, தன் அப்பாவின் பெயர் வருகிற வரியைத் தேடிப் படித்தாள். பெரும்பாலானவர்கள் போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். முன்னுரையில் ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் நாலைந்து பெயர்களில் ஒரு பெயர். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. சிலர் மட்டுமே உண்மையில் அந்தத் தரையில் நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி ஒஸ்லோவில் இருந்தாள். வினோஜா என்ற பெண். முதுகலைப் பட்டத்துக்காக அங்குள்ள தமிழர்களிடம் இதே இன்சுலினை அளந்திருந்தாள். அவளுடைய ஆட்கள் முதல் நாள் இரவே ஆய்வு விடுதிக்கு வந்து படுத்து, எழும்பிய கையோடு ரத்தம் கொடுத்தவர்கள். அவள் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படி எழுதியிருந்தாள்: 'எங்கள் முடிவு பேரின்பநாதனும் பிறரும் கண்டதற்கு மாறாக இருக்கிறது. ஆகவே எங்கள் அளவீட்டில் பிழை இருந்திருக்கவேண்டும்.' அந்த வேலை எந்தச் சஞ்சிகையிலும் வரவில்லை.

தாட்சாயினி அந்த வரியை மறுபடி படித்தாள். சரியாக அளந்த ஒருத்தி, பிழையாக அளந்தவளைப் பார்த்துத் தன் கண்ணையே சந்தேகித்திருக்கிறாள். துறைத் தலைவர் கேட்ட 'யாருக்கு என்ன?' என்ற கேள்விக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு முதலில் சஞ்சிகைக்கு எழுதினாள், பிறகு வினோஜாவுக்கு எழுதினாள், பிறகு எழும்பிப்போய்ப் பற்றிக்கிடமும் கத்தரினிடமும் நேரில் சொன்னாள். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கத்தரின், "சரி, அப்ப மிச்சக் குழாயளையும் முடிப்பம்," என்றாள்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் கெடுத்துப்போட்டன்," என்றார். "ஒரு கடிதம் எழுதித் தரட்டோ, என்ரை பிழை எண்டு? கையெழுத்தும் வைச்சுத் தாறன்."

"அப்பா, நீங்கள் வான் ஓட்டியிராட்டி எனக்கு ஒரு ஆளும் வந்திராது. கேக்கவேண்டிய கேள்வியைக் கேக்காமல் விட்டது நான். ஆனால் ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் பிளாஸ்கிலை எவ்வளவு சீனி போட்டனீங்கள்?"

"அதைக் கொம்மாவைக் கேள்."

"எப்பவும் ஒரே அளவுதான்," என்று பின்னாலிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. "கூட்டிப் போட்டால் அவருக்கும் கூடாது, குறைச்சுப் போட்டால் முகம் கோணும்."

மே மாதம் மதிப்பீட்டாளர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, தாட்சாயினியின் கோப்பில் மேற்கோள்களின் கூட்டுத்தொகை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சுட்டெண் பன்னிரண்டில் இருந்து பதினொன்று. திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றி அவளே முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். ஒருவர் அந்தப் பக்கத்தை விரலால் தட்டி, "இது ஒரு பெரிய இழப்பு," என்றார். அவள் ஆம் என்றாள்.

மேசையின் மறுகோடியில் இருந்த ஒரு பெண் பேராசிரியர் வேறொன்றைக் கேட்டார்.

"வானில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பிளாஸ்கில் இருந்தா ஊற்றினார்கள்?"

"ஆம். ஒரே பானம், ஒரே அளவு சீனி. குடித்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்."

"ரத்தம்?"

"ஒருவர் பின் ஒருவராக எடுத்தோம். முதல் ஆள் குடித்துச் சற்று நேரத்தில் கொடுத்தார், கடைசி ஆள் வெகுநேரம் காத்திருந்து கொடுத்தார். யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைக் கஃபீன் கடிகாரம் ஓரளவு சொல்கிறது." பேசும்போதே அவளுடைய குரல் மாறிவிட்டது. எழுந்து போய்ப் பலகையில் ஒரு வளைகோட்டை வரைந்தாள். "பாருங்கள், இன்சுலின் இப்படி ஏறி இப்படி இறங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்துத்தான் வழக்கமாக இதைப் பார்ப்போம். உண்மையில் யாரும் காலையில் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதில்லை. இவர்கள் தினமும் குடிப்பதையே குடித்தார்கள். சிலருக்கு வேகமாக இறங்கியிருக்கிறது, சிலருக்கு மெதுவாக. மெதுவாக இறங்குகிறவர்களிடம்தான் கதவு இறுகத் தொடங்குகிறதோ என்னவோ. இதிலிருந்து அதைச் சொல்லமுடியாது, கேள்வியாக மட்டும் வைக்கலாம். திட்டமிட்டுச் செய்தால் விடை கிடைக்கும்."

"அதை யார் செய்வது?"

"விட்டால் நான்."

விட்டார்கள், அரைகுறையாக. ஐந்து ஆண்டு கேட்டதற்கு இரண்டு ஆண்டு தந்தார்கள். "நான் பயந்ததைவிட இரண்டு அதிகம்," என்றார் பற்றிக். கத்தரின் அன்றே கார்டறிக்குப் போன் பண்ணி, பிள்ளைகளுக்குச் செப்டெம்பருக்கும் இடம் வேண்டும் என்று சொன்னாள்.

வினோஜா இதற்கிடையில் பதில் எழுதியிருந்தாள், இரண்டே வரியில். பிறகு ஒருநாள் கணினித் திரையில் வந்தாள். இப்போது வேலை செய்யும் மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டை இன்னும் கழற்றவில்லை.

"ஒரு வருசம் முழுக்க நான் மெசின்தான் பழுது எண்டு நினைச்சன்," என்றாள். "பேந்து என்னிலைதான் பிழையெண்டு நினைச்சன். பேராசிரியர், பெரிய கட்டுரை ஒண்டு சொல்லுது, நீ ஒண்டு சொல்லுறாய் எண்டார். நான் விட்டிட்டு வந்திட்டன். உங்கடை மெயிலைப் பாத்துச் சந்தோசப்படவோ கோவப்படவோ எண்டு தெரியேல்லை."

"கோவப்படலாம்," என்றாள் தாட்சாயினி. "அது நியாயம்தான்."

"கோவப்பட்டுப் பாத்தன். ரெண்டு நாள்தான் நிண்டது." அவள் கொஞ்சம் சிரித்தாள். "என்ரை அளவுகள் எல்லாம் இன்னும் என்னட்டைக் கிடக்கு. அழிக்க மனம் வரேல்லை."

"திருத்தின கட்டுரையிலை அதையும் சேர்ப்பம். சுத்தமா அளந்தது நீங்கள். உங்கடை பேர்தான் முதல் வரவேணும்."

 வினோஜா வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பிறகு, "அந்தத் தேத்தண்ணி ஆராய்ச்சி," என்று தொடங்கினாள். "அதை ரெண்டு ஊரிலையும் செய்தால் நல்லதெல்லோ? இஞ்சை ஆக்களை ராத்திரி படுக்கவைச்சு, காலமை ஒரே அளவாக் குடுத்துச் செய்யலாம்."

"செய்யலாம். ஆனால் உங்களுக்கு வேலை இருக்கே."

"வியாழக்கிழமையிலை எனக்கு வேலை இல்லை. ஆய்வுகூடக் கதவுத் திறப்பும் கையிலைதான் கிடக்கு. நான் திருப்பிக் குடுக்கேல்லை, பேராசிரியரும் கேக்கேல்லை. நாளைக்குப் போய்க் கதைக்கிறன். இந்தமுறை சொல்லுறதுக்கு ஆதாரம் இருக்குத்தானே."

பக்கத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த கத்தரின் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து திரைக்குள் தலையை நீட்டினாள்.

"தங்கச்சி, கதைச்சுப்போட்டு உடனை சொல்லுங்கோ. எனக்கு எத்தினை குழாய் ஓடர் பண்ணுறதெண்டு தெரியவேணும்."